பின்னால் நின்றவள் சொன்னது

என் பழைய காரின் இண்டிகேட்டர் திடீரென்று ஊமையாகிவிட்டது. லீவரைத் தள்ளினால் டேஷ்போர்டுக்கு அடியில் டிக் டிக் என்று தட்டுமே, அந்தச் சத்தத்தைக் காணோம். டேஷ்போர்டில் மின்னும் சின்ன விளக்கு செத்துப் பல வருடமாகிறது. எனக்கு அந்தச் சத்தம்தான் சாட்சி. அடுத்த வாரம் ஆர்.டி.ஓ. ஆபீசில் எஃப்.சி. காட்ட வேண்டும். இண்டிகேட்டர் எரியாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்புறம் காயலான் கடைதான்.

லீவர் தேய்ந்துபோய், கையால் பிடித்தால்தான் நிற்கும். அதனால் என் மனைவியைப் பின்னால் நிற்க வைத்தேன். தறியில் ஆயிரம் இழைகளுக்கு நடுவே அறுந்த ஒன்றை எட்ட நின்றே காட்டுகிறவள். அவள் கண் இருக்க எனக்கு வேறு மீட்டர் வேண்டியிருக்கவில்லை.

"எரியுதாம்மா?"

அவள் ஜன்னலருகே வந்து குனிந்தாள். "எரியலைங்க."

பல்பை மாற்றினேன். எரியலைங்க. எர்த் ஒயரைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். எரியலைங்க. மின்ன வைக்கும் ஃபிளாஷரையே புதிதாக வாங்கி மாட்டினேன். அதற்கும் ஜன்னலருகே வந்து அதே பதில். ஏனாத்தூரில் ஒரு கல்லூரி லேபில் ஆயுள் முழுக்க மாணவர்களுக்கு ஒயர் பூட்டிக் கொடுத்தவன் நான். மெக்கானிக்கிடம் போனால் மானம் போய்விடும். ஒருநாள் இடம் மாறிக்கூடப் பார்த்தோம். அவள் லீவரைப் பிடித்தாள், நான் பின்னால் நின்றேன். விளக்கு செத்தே கிடந்தது.

சனிக்கிழமை இன்னொரு ஃபிளாஷர் வாங்கக் காந்தி ரோட்டுக்குப் போனேன். ஒரு பட்டுக்கடை முன்னால் வண்டியைப் பின்னுக்கு எடுத்தபோது, பழக்க தோஷத்தில் கை லீவரைப் பிடித்திருந்தது. கடையின் கண்ணாடிக் கதவில் ஆரஞ்சு வெளிச்சம் விட்டுவிட்டு மின்னியது. என் வண்டியின் விளக்குதான். வந்த சந்தோஷம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து, ஒன்றும் சொல்லாமல் அவளை மறுபடி பின்னால் நிற்கச் சொன்னேன். ஜன்னலுக்கு வந்தாள். "எரியலைங்க." முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை.

"பட்டுக்கடை கண்ணாடியில பார்த்துட்டேன். நல்லா எரியுது. இத்தனை நாளா என்னைப் பைத்தியக்காரனாக்கிட்டியே!"

அவள் அசரவில்லை. "எரியுதுதான். சத்தமும் வந்துக்கினுதான் இருக்குது. பின்னாடி நிக்கிற எனக்கே கேக்குது, உங்களுக்குத்தான் கேக்கல. தாமல் ஏரிக்கரையில லாரிக்காரன் அவ்ளோ ஹாரன் அடிச்சான், நீங்க பாட்டுக்குத் திருப்பினீங்க. டாக்டராண்ட போலாம்னா கத்துறீங்க. எஃப்.சி. காட்டாம இருந்தாலாவது வண்டிய வுட்டுடுவீங்கன்னு பார்த்தேன்."

"அன்னிக்கு லீவரைப் பிடிச்சியே?"

"கைய வச்சேன். தள்ளல."

அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. வாயால் சொன்ன பொய்யையாவது பொறுத்துக்கொள்ளலாம். அவளை நம்பி நான் பின்னால் குனிந்து நின்றபோது, சும்மா கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே! முப்பது வருடம் கூட வாழ்ந்தவள். "பொய்க்காரி" என்று கத்தினேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

காது விஷயமும் அவள் சொன்ன பொய்யாகவே இருக்கட்டும் என்று லீவரைத் தள்ளிப் பிடித்தேன். இன்னொரு கையை டேஷ்போர்டுக்கு அடியில் விட்டு ஃபிளாஷரைத் தொட்டேன். அது விரல் நுனியில் ஒழுங்காகத் தட்டிக்கொண்டிருந்தது. குனிந்து காதைப் பக்கத்தில் கொண்டுபோனேன். ஒன்றும் கேட்கவில்லை.