அமாவாசைத் தண்ணீர்

எண்பதுகளின் நடுவில் நான் தர்மபுரியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் வாத்தியார். இண்டூர்ப் பக்கம் ஆற்று மடுவில் மீன் பிடித்து விற்கும் ஓர் அம்மா, ஒரு நாள் செத்த கெளுத்திகளைக் கூடையோடு கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். ஜவ்வரிசி மில்லின் கிழங்குக் கழிவு ஓடை வழியாக மடுவில் விழுந்துகொண்டிருந்தது. மடு போனால் அவருக்கு வேறு பிழைப்பில்லை.

மீன்துறையில் கேட்டால், தண்ணீர் பொதுப்பணித்துறையுடையது என்றார்கள். அவர்களோ கரை மட்டும்தான் எங்களுடையது என்றார்கள். சுகாதாரத்துறைக்காரர் குடிதண்ணீரா என்று கேட்டார், வேளாண்மைக்காரர் கிழங்கு விளைச்சலைப் பற்றிப் பேசினார். ஊர் ரெண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். இங்கே ஆறு நாலு பட்டுக் கிடந்தது. நாலு பேரும் சேர்ந்து வந்து பாருங்கள் என்று ஒரு வருஷம் நடையாய் நடந்தேன். ஒருவழியாகச் சம்மதித்து, நாள் குறிக்கும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள்.

அமாவாசையைக் குறித்தேன். நல்ல காரியம் தொடங்க நல்ல நாள் என்று நாலு பேரும் தலையாட்டினார்கள். மில்காரர் காதுக்கு எட்டிவிடக்கூடாது என்று மீன்கார அம்மாவிடம்கூட வாய் திறக்கவில்லை. அந்தச் சாமர்த்தியத்தை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

முந்தின நாள் மழை வேறு. ஓடை தெளிந்து ஓடியது. ஜீப் சத்தம் கேட்டு அந்த அம்மா ஓடிவந்தார்.

"என்னாங்க சார், இன்னிக்கா கூட்டியாந்தீங்க? அமாவாசைக்கு மில்லு ஓடாதுங்களே! நேத்தே நிறுத்தி, தொட்டியெல்லாம் கழுவிப் பூசை போட்டுட்டாங்க."

படித்தவர்கள் ஐந்து பேர் நின்றோம். ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. நாளைக்கு வரலாமா என்று கெஞ்சினேன்.

"வந்தது வந்துட்டோம், எடுத்துருவோம் சார்" என்றார் பொதுப்பணித்துறை எஞ்சினியர். பாட்டிலில் தண்ணீர் பிடித்து, அரக்கு வைத்து, நாலு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

மறுநாள் ஓடை பழையபடி நுரைத்து நாறியது. நானே ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு பரிசோதனைக்கூடத்துக்குப் போனேன். நாலு கையெழுத்து இல்லாத தண்ணீரை வாங்க முடியாது என்று திருப்பிவிட்டார்கள். சேர்ந்து பார்க்கவேண்டும் என்று கேட்டவனே நான்தானே. பிறகு அறிக்கை வந்தது, தண்ணீரில் குறை ஒன்றுமில்லை என்று.

அடுத்த கோடைக்குள் மடுவில் மீன் அற்றுப்போனது. அந்த அம்மா அதே மில்லுக்குக் கிழங்குத் தோல் சீவப் போனார். ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தார். வேலைக்குப் போகவில்லையா என்று கேட்டுவிட்டேன்.

"இன்னிக்கு அமாவாசைங்க சார்" என்றார்.