கயிறு பிடித்த மச்சான்

மூழ்கிய கப்பலில் வேலை செய்தவன் என்று சொன்னால் போதும், புதையல் கிடைத்ததா என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். எனக்கு எரிச்சலாக வரும். துருப்பிடித்த இரும்பும் பித்தளைக் குழாயும்தான் ஐயா கிடைத்தன. அதற்கும் நான் ஆசைப்பட்டுப் போகவில்லை, ஊரில் சோறு இல்லாமல் போனேன்.

அறுப்புக் கூலியில் இன்னும் கொஞ்சம் நெல் கேட்டு எங்கள் சேரி கொடி ஏற்றியது. மிராசுதார் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். "கொடி புடிச்சவன் எவனும் என் வரப்புல கால் வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். சென்னையில் ஆட்சி மாறியிருந்தது. நிலத்துக்கு உச்சவரம்பு என்று மேடைக்கு மேடை முழங்கினார்கள். மிராசுதாரும் சும்மா இருக்கவில்லை, தோள்துண்டின் கரையை மாற்றிக்கொண்டார். கொஞ்சம் நிலத்தைச் சமையல்காரன் பேரில் எழுதிவைத்தார், கொஞ்சத்தை விற்றுக் காசாக்கினார். எங்களை 'டேய்' என்று கூப்பிடுவது மட்டும் எந்தச் சட்டத்துக்கும் மாறவில்லை.

எனக்குக் கைவந்த ஒரே வேலை மதகில் அடைப்பெடுப்பது. ஆற்றில் புதுத்தண்ணீர் விட்டதும் செத்தையும் முள்ளும் வந்து வாய்க்கால் மதகின் வாயை அடைத்துக்கொள்ளும். மூச்சைப் பிடித்து உள்ளே போய்ப் பிடுங்கிப் போட வேண்டும். சீர்காழிக்குக் கிழக்கே கடலில் மூழ்கிக் கிடக்கும் சரக்குக் கப்பலை ஒரு காண்ட்ராக்டர் உடைத்தெடுக்கிறார், முங்கத் தெரிந்த ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டேன். நடந்தே போய்ச் சேர்ந்தேன்.

முதல் தடவை, ஆழத்துக்கு இழுக்கிற பாரக்கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்கியபோது கண்ணை இறுக மூடிக்கொண்டேன். வாய்க்கால் தண்ணீரில் கண்ணைத் திறந்தாலும் ஒன்றுதான், மூடினாலும் ஒன்றுதான். எல்லாமே கைத்தடவல். கடலிலும் அப்படியே தடவினேன். கப்பல் முழுக்கச் சிப்பி அப்பியிருந்தது. உள்ளங்கை இரண்டும் கிழிந்து மேலே வந்தேன். படகில் என் இடுப்புக் கயிற்றின் மறுநுனியைப் பிடித்திருந்தவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"கண்ணத் தொறடா! கடலுக்கு வந்தும் சேத்துல நண்டு புடிக்கிற மாதிரி தடவுற?"

அவன் தெற்கே சங்கு குளிக்கிற ஊர்க்காரன், ஏறக்குறைய என் வயது. காதில் சீழ் வந்து முங்குவதை விட்டவன். அவர்கள் ஊரில் ஒரு வழக்கமாம். முங்குகிறவனின் கயிற்றை அவன் பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோதான் பிடிக்க வேண்டும். கூடப்பிறந்தவள் தாலியறுக்க எவனுக்கும் மனசு வராது என்ற கணக்கு.

"ஒனக்குக் கல்யாணமே ஆகல, எனக்குத் தங்கச்சியே கெடையாது. இருந்தாலும் இன்னையிலேருந்து நீ என் மாப்ள, நான் ஒன் மச்சான்" என்றான்.

அதன்பிறகு ஒரே சட்டியில்தான் கஞ்சி குடித்தோம். எந்தத் தெரு என்று அவன் கேட்கவே இல்லை. கேட்காததைப் பெரிய மரியாதையாக நினைத்துக்கொண்டேன்.

அடுத்த தடவை கண்ணைத் திறந்தேன். உப்பு எரித்தது. எரிச்சல் அடங்கியதும் கீழே ஒரு வாசல் தெரிந்தது, கதவில்லாத வாசல். மீன்கள் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தன. நானும் நுழைந்தேன். ஊரில் எந்தப் பெரிய வீட்டு முன்வாசலிலும் நான் கால் வைத்ததில்லை. இந்த வேலையை எவன் வந்தாலும் விடக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

வந்தார். ஒரு நாள் காலையில் காண்ட்ராக்டர் தன் தொழில் கூட்டாளியைப் படகில் கூட்டிவந்தார். பார்த்தால் எங்கள் மிராசுதார்! நிலத்தை விற்ற காசு கப்பலில் இறங்கியிருக்கிறது. நான் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"டேய், நீயா? இவன எவன்டா சேத்தது?"

"நல்லா முங்குவான் ஐயா" என்றார் காண்ட்ராக்டர்.

மிராசுதார் மச்சான் பக்கம் திரும்பினார். "இவன் எங்க ஊரு சேரிப் பய. அது தெரியாமயா இவன் கயித்தப் புடிச்சிக்கிட்டு நிக்கிற?"

மச்சான் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த கயிற்றைப் பலகைமேல் வைத்தான். தூக்கி எறிந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். மெதுவாக வைத்தான்.

 மிராசுதார் மேல் இருந்தது பழைய கோபம், பிறந்ததிலிருந்து உள்ளது. இவன் மேல் வந்ததை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. படகில் இருந்த மற்ற இரண்டு கூலிக்காரர்களும் கடலைப் பார்த்தார்கள். நானே குனிந்து கயிற்று நுனியை எடுத்தேன், படகின் குறுக்குக்கட்டையில் முடிச்சுப் போட்டேன், யாரையும் கேட்காமல் குதித்தேன்.

காண்ட்ராக்டர் பல நாளாக ஏங்கிக் கிடந்த பித்தளை வால்வு ஒன்று உள்ளறையில் இருந்தது. ஏற்கெனவே பாதி கழற்றி வைத்திருந்தேன். நெஞ்சு வெடிக்கிற மாதிரி இருந்தது, விடவில்லை. கழற்றி மடியில் கட்டிக்கொண்டு, கயிற்றை நானே கைமாற்றிக் கைமாற்றி ஏறினேன். மிராசுதாரின் காலடியில் அதைத் தொப்பென்று போட்டேன்.

"இவன் இருக்கட்டுங்க ஐயா" என்றார் காண்ட்ராக்டர். மிராசுதார் குனிந்து பித்தளையைத் தட்டிப் பார்த்தார். அது கணீர் என்றது. அதற்குமேல் சேரியைப் பற்றி அவர் பேசவில்லை.

சாயங்காலம் கரையில் அவன் கஞ்சிச் சட்டியோடு வந்தான். "மாப்ள, தப்பா எடுத்துக்காத. அவரு மொதலாளி. நான் என்ன பண்ண?"

"மாப்ளயா? ஒனக்கு ஒரு தங்கச்சி இருந்தா எனக்குக் குடுப்பியாடா?" என்று கேட்டேன்.

சட்டியை மணலில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.