டைல்ஸ் இறங்கிய இடம்

பார்சல் ஆபீஸில் எல்லோருக்கும் இளையவளான சின்னவளுக்கு வைத்த பெயர் தராசு. ஏற்றுமேடையில் நின்று அவள் கை காட்டினால் போதும், எந்தப் பெட்டி எங்கே உட்கார வேண்டுமோ அங்கே போய் உட்காரும். ஒரு லாரியைத் தனியாகப் பிடிக்க முடியாத பலபேரின் சரக்கு அங்கே ஒரே வண்டியில் ஏறும். துணிமூட்டை, சோப்புப் பெட்டி, கதவு, நாற்காலி எல்லாம் கூட்டுக் குடித்தனம் போல நெருக்கியடித்துக் கிளம்பி, ஊருக்கு ஊர் ஒன்றிரண்டாக இறங்கும். கடைசியில் இறங்குவது முதலில் ஏற வேண்டும். கனமானது அடியில் போக வேண்டும். இரண்டு பக்கமும் எடை ஒத்துவர வேண்டும். அவள் ஏற்றிய வண்டியிலிருந்து உடைசல் என்று ஒரு புகார் வந்ததில்லை. இதைச் சொல்லாமல் அவளைப் பற்றிப் பேசவே முடியாது.

அன்று மதியம் சாப்பாட்டுப் பையிலிருந்து அவள் ஒரு டப்பாவை எடுத்தாள். ஒட்டி நின்ற மற்றொரு டப்பா அந்தக் காலி இடத்தில் சரிந்து விழுந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட லோடுமேன் கேட்டார்: "என்ன தராசு, வீட்ல உப்புப் போட மறந்துட்டாங்களா?"

"அண்ணே, காலையில எண்ணெய் டிரம்முக்குக் கயிறு போட்டோமா?"

"எதுக்கு? டைல்ஸ் பெட்டிதான் பக்கத்துல சுவர் மாதிரி நின்னுச்சே. நீதானே கயிறு வேணாம்னே."

"டைல்ஸ் இன்னைக்கு முதல் ஊர்லயே இறங்குதுண்ணே."

லோடுமேனின் வாய் மெல்வதை நிறுத்தியது.

எப்போதும் டைல்ஸ் கடைசி ஊருக்குத்தான் போகும். இன்று மட்டும் மலையடிவாரக் கடைக்கு. கை பழகிய பழக்கத்தில் டிரம்களுக்கு அதையே முட்டுக்கொடுத்து வைத்துவிட்டாள். அது இறங்கிவிட்டால் பக்கத்தில் வெற்றிடம். அதற்கப்புறம் வண்டி ஏறப்போவது கொண்டை ஊசி வளைவுகளில்.

ஓட்டுகிறவருக்குப் பட்டப்பெயர் பொறுமை. வேறு யார் ஏற்றியிருந்தாலும் ஒவ்வொரு ஊரிலும் இறங்கிக் கதவைத் திறந்து, கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். சின்னவள் ஏற்றியிருந்தால் சீட்டை விட்டே எழுந்திருக்கமாட்டார். "நம்ம தராசு ஏத்தினதுப்பா" என்று கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். நேற்றுவரை அவளுக்கு அது பெருமையாக இருந்தது. இப்போது அவசரமாக அவர் நம்பரை அழுத்தினாள்.

பொறுமை போனை எடுக்கவில்லை. டைல்ஸ் கடைக்குப் போட்டாள்.

"இப்பத்தாம்மா போனாரு. மழை வர்றதுக்குள்ள மலை ஏறணும்னு டீகூட வேணாம்னுட்டாரு."

"வண்டிக்குள்ள பார்த்தாராங்க?"

"எங்க ஆளுங்கதான் இறக்கிக் கதவைச் சாத்தினாங்க. ஏன், ஏதாவது குறையுதா?"

மேனேஜர் வெளியே வந்து, "அவர் என்ன நேத்துப் பிறந்த குழந்தையா? போய்ச் சாப்பிடும்மா" என்றார். சொன்னவரும் உள்ளே போகவில்லை. சின்னவள் மறுபடி மறுபடி நம்பரை அழுத்தினாள். அடுத்த வண்டிக்கான பெட்டிகள் மேடையில் நின்றன. அவள் கை காட்டாததால் யாரும் அவற்றைத் தொடவில்லை. ஒவ்வொரு வளைவாக அவள் மனதுக்குள் அந்த வண்டி திரும்பியது. ஒவ்வொரு வளைவிலும் டிரம் நகர்ந்தது.

போன் அடித்தது. பொறுமைதான்.

"அண்ணே! எங்க இருக்கீங்க?"

"ரெண்டாவது வளைவுல ஓரங்கட்டி நிக்கிறேன். பதறாதே. முதல்ல உள்ள டொம்முனு ஒரு சத்தம். ரோடு சரியில்லைனு நினைச்சேன். மறுபடி டொம்மு. சரி, நம்ம டயர்தான் போச்சுனு இறங்கி நாலு பக்கமும் தட்டிப் பார்த்தேன். எல்லாம் கல்லு மாதிரி இருக்கு. அதுக்கப்புறம்தான் கதவைத் திறந்தேன். டிரம் ஒன்னு ஊர்வலம் கிளம்பிருச்சு. பிடிச்சு நிறுத்தி, கயிறு போட்டுட்டேன்."

சின்னவள் அப்படியே மேடையில் உட்கார்ந்தாள்.

"இருக்கியாம்மா? ஒன்னு சொல்லணும். கதவைத் திறக்கும்போது உன்னைச் சந்தேகப்பட்டுட்டேன். மனசுல வச்சுக்காதே."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுகையோடு கோபமும் வந்தது.

"தப்பு என்னுதுண்ணே. கயிறு வேணாம்னு சொன்னதே நான்தான். இனிமே ரோட்டையும் டயரையும் விட்டுடுங்க. முதல் சத்தத்துக்கே என்னைச் சந்தேகப்படுங்க."

"அப்புறம் உன்னை எதுக்குத் தராசுனு கூப்பிடறது?"

"கூப்பிடாதீங்க. ஒவ்வொரு ஊர்லயும் இறங்கிப் பாருங்க. பார்ப்பேன்னு சொல்லுங்க, அப்பத்தான் போனை வைப்பேன்."

மறுமுனையில் மழை விழுகிற சத்தம் கேட்டது.

"பார்க்கிறேம்மா" என்றார் பொறுமை.