இன்றைக்கு மழை வருமா?

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பெரகலைச் சந்தியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சந்தியில் எனக்கு ஒரு போட்டோ கொப்பிக் கடை. தோட்டத்துச் சனத்துக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது, மின்சார பில் கட்டிக் கொடுப்பது எல்லாம் நான்தான். அடுத்த கடை சலூன். அதற்கடுத்தது, நானா என்று நாங்கள் கூப்பிடுகிற முஸ்லிம் பெரியவரின் புடவைக்கடை. காலையில் பத்திரிகை வந்துவிட்டால் மூன்று கடைக்கும் சலூன்தான் பாராளுமன்றம்.

அங்கே பேசாத விஷயம் கிடையாது. கடவுள் இருக்கிறாரா, தடுப்பூசி போடலாமா, டிவியில் சொல்வது நிஜமா, இந்த ஆட்சி எத்தனை நாள் தாங்கும். தோற்றவர் எல்லாருக்கும் பிளேன்டீ வாங்க வேண்டும். நான் வாங்கியதே இல்லை. எனக்குக் கட்சி கிடையாது, கொள்கையும் கிடையாது. கடவுள் இல்லையென்று காலையில் பேசுவேன். அதே வாயால் சாயந்திரம் கோயில் கமிட்டிக்காகப் பேசுவேன். ஜெயிப்பதுதான் ருசி. அந்த ருசிக்கு நான் பண்ணிய காரியத்தை இப்போது சொல்கிறேன். மன்னிப்புக் கேட்க எழுதவில்லை, கேட்டாலும் கிடைக்காது.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயங்கள், தொழிலாளர் குடியிருக்கிற தொடர்வீடுகள், மலைச்சரிவில் மூன்று வரிசையாக இருந்தன. கடைசி வரிசையில் என் அக்கா தனியாக இருந்தாள். நடு வரிசையில் ஒருவன், என்னைவிடப் பத்து வயது இளையவன், தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிறவன். கிறிஸ்தவ சபைக்குப் போகிற வேதக்காரக் குடும்பம். மண்சரிவு ஆபத்து இருக்கிறதா என்று பார்க்க வந்த அதிகாரிகள் மழை அளக்கும் போத்தல் ஒன்றை அவன் கையில்தான் கொடுத்துவிட்டுப் போனார்கள். எழுத்து நன்றாக இருந்தது, குடிக்க மாட்டான், அதனால். போத்தலில் ஒரு சிவப்புக் கோடு. தண்ணீர் அதைத் தாண்டினால் கோயில் மணியை அடிக்க வேண்டும், சனமெல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். தோட்டத்தில் எல்லாருக்கும் கேட்கிற மணி அது ஒன்றுதான்.

ஐப்பசி மழையில் ஒருநாள் கோடு தாண்டியது. அன்றைக்கென்று பார்த்து லயத்தில் ஒரு சாவு விழுந்து நாலாம் நாள். சாவு விழுந்தால் கருமாதி முடியும்வரை கோயில் மணியின் நாக்கைத் துணியால் கட்டிவைப்பது எங்கள் தோட்டத்து வழக்கம். இவன் போய்த் துணியை அவிழ்த்துவிட்டு அடித்தான். சனம் பிள்ளைகுட்டியோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடி, ஒரு பகலும் ஒரு இரவும் சிமெந்துத் தரையில் கிடந்தது. மறுநாள் பளீரென்று வெயில் அடித்தது. மலை அசையவில்லை.

ஊருக்குக் கோபம் வந்தது. தீட்டில் மணியைத் தொட்டது ஒன்று, தொட்டவன் வேதக்காரன் என்பது இன்னொன்று. அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் முடிவெட்ட சலூனுக்கு வந்தான். கழுத்தில் துணி கட்டி, ஒரு பக்கம் வெட்டியாகிவிட்டது. கமிட்டிக்காரர்கள் உள்ளே நுழைந்தார்கள். பாதித் தலையோடு எங்கே எழுந்து ஓடுவான்? நான் கமிட்டி பக்கம் எடுத்துக்கொண்டேன். நானா அவன் பக்கம்.

"மணி அடிக்கச் சொன்னது யாரு? உங்க ஆண்டவரா?" என்றேன்.

"இல்லண்ணே. போத்தல்."

"போத்தல் சொல்லிச்சா! எங்க ஆளுங்க பாதிப் பேருகிட்ட போத்தல் தினம் பேசுதுடா. சம்பள நாளைக்கு வந்து பாரு, மலையே ஆடுதும்பான்!"

சலூன் குலுங்கியது. அவனும் சிரிக்கப் பார்த்தான், பாவம். கண்ணாடியில் அவன் முகம் எனக்கு நேராகத் தெரிந்தது, காது சிவந்திருந்தது. நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை.

"சரி, தீர்க்கதரிசி ஐயா, இன்னைக்கு மழை வருமா?"

ஒருவன் எல்லாவற்றையும் போனில் வீடியோ பிடித்தான். 'போத்தல் தீர்க்கதரிசி' என்று பெயர் வைத்து ஏற்றச் சொன்னது நான். அப்புத்தளை, பண்டாரவளை, பதுளை வரைக்கும் சனம் பார்த்துச் சிரித்தது. அதற்குப் பிறகு அவன் பஸ்ஸில் ஏறினால், கடைக்குப் போனால், சபைக்கே போனாலும் யாராவது ஒருத்தன் கேட்பான்: "என்ன தம்பி, மழை வருமா?" பள்ளிக்கூடத்தில் அவன் மகளைக் கேட்டு அழவைத்தார்களாம்.

கமிட்டி அவனைக் கோயில் வாசலைக் கழுவ வைத்தது. இனி புத்தியுள்ள ஒருத்தரைக் கேட்காமல் மணியைத் தொடக்கூடாது என்றும் அவனிடம் வாக்கு வாங்கியது. யாரைக் கேட்பது? எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு உச்சி குளிர்ந்து போய்விட்டது.

"வாய் இருக்குன்னு எல்லாத்தையும் பேசிறக் கூடாது தம்பி," என்றார் நானா. தோற்றதற்குப் பிளேன்டீக்கும் அவர்தான் சொன்னார்.

கார்த்திகையில் மழை விடாமல் பிடித்தது. நாலாம் நாள் அக்கா போன் பண்ணினாள். மலையிலிருந்து பிடிக்கிற பீலித் தண்ணீர் சேறாக வருகிறது, வீட்டுக்குப் பின்னால் புதிதாக ஒரு ஊற்றுக் கிளம்பியிருக்கிறது என்றாள். மலை சரியுமுன் இப்படித்தான் வரும் என்று பத்திரிகையில் படித்திருந்தேன். எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன். உடனே ஆட்டோ பிடித்துப் போய் அவளைக் கூட்டிவந்தேன். பக்கத்து வீட்டார் கேட்டதற்குப் பதுளை ஆஸ்பத்திரியில் கிளினிக் என்றேன்.

ஏன் சொல்லவில்லை? அந்த வாரம் சலூனில் என் கட்சி வேறு. மண்சரிவு என்பதெல்லாம் அரசியல், லயத்துச் சனத்தைக் கிளப்பிவிட்டு வெள்ளைக்காரர் சுற்றுலா வருகிற எல்ல ஊர் மாதிரி ஹோட்டல் கட்டப் பார்க்கிறார்கள் என்று மூன்று நாளாக முழங்கிக்கொண்டிருந்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள். அக்காவைக் கூட்டிவந்தது தெரிந்தால் என் பேச்சு என்ன ஆவது? அவ்வளவுதான் காரணம். வேறு ஒரு மண்ணும் இல்லை.

மறுநாள் காலை எட்டரை இருக்கும். மழைக்கு ஒதுங்கி ஏழெட்டுப் பேர் என் கடை வாசலில் நின்றார்கள். நானாவும் இருந்தார், அவர் மட்டும் உள்பக்கம். அக்கா உள்ளே, வாசலில் நிற்கிறவர்களுக்குத் தெரியாமல், கொப்பி மெசினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. அவன்தான். எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணே, கோடு தாண்டிருச்சுண்ணே. போத்தல் நிறைஞ்சு வழியுது. மணி அடிக்கவா?"

"ஏன் தம்பி, மழை வருமான்னு ஊரே உன்னயக் கேக்குது. நீ என்னையக் கேக்குறியா?"

சிரித்தார்கள். அவன் பக்கத்தில் அவன் பெண்சாதியின் குரல், குழந்தையை அதட்டுகிறாள்.

"அண்ணே, வெளையாடாதீங்க. அக்கா வீடு பூட்டியிருக்கு. நீங்க கூட்டிட்டுப் போயிட்டீங்களாண்ணே?"

"அக்கா பதுளைக்குக் கிளினிக் போயிருக்கு."

அக்கா கோப்பையை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். நானா அவளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"அடிக்கச் சொல்லு," என்றார் நானா மெதுவாக. "அல்லாவுக்காக, அடிக்கச் சொல்லு."

"ஒரே வார்த்தை சொல்லுங்கண்ணே. அடிக்கவா, வேணாமா?"

ஏழெட்டுப் பேர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"வேணாம்," என்றேன்.

அவன் மணி அடிக்கவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றினான், மடையன். பெண்சாதியையும் பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டியிருக்கிறான். முதல் வரிசையில் கொஞ்சம் பேர் கிளம்பினார்கள். நடு வரிசையில் சிலர். கடைசி வரிசையில் ஜன்னலைத் திறந்து, "என்ன தம்பி, மழை வருமா?" என்று சிரித்தார்களாம். கிளம்பித் தப்பித்தவர்கள் சொன்னது இது. கடைசி வரிசையில் அவன் தட்டிக்கொண்டிருந்தபோது மலை வந்துவிட்டது. சத்தம் சந்தி வரைக்கும் கேட்டது. பெரிய லொறி ஏதோ கவிழ்ந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள்.

மூன்றாம் நாள் மண்ணுக்குள்ளிருந்து அவனை எடுத்தார்கள். அக்காவின் வீடு இருந்த இடம் எது என்றே தெரியவில்லை.

டிவிக்காரர்கள் வந்தார்கள். இங்கே நன்றாகப் பேசுகிறவர் யார் என்று கேட்டார்கள், சனம் என்னைக் காட்டியது. பேசினேன். அதிகாரிகளின் அலட்சியம், கம்பனியின் பேராசை, இருநூறு வருசமாக இந்தச் சனத்துக்கு ஒரு துண்டு நிலம் கிடையாது, எல்லாம் சொன்னேன். சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. கேமராக்காரர் கண்ணைத் துடைத்தார். அதையும் ஊரெல்லாம் பார்த்தது, போத்தல் வீடியோவைவிட அதிகம் பேர் பார்த்தார்கள்.

சலூனில் இப்போதும் பேச்சு நடக்கிறது. அது ஆண்டவன் சோதனையா, மழைத்தண்ணி ஓடக் கான் வெட்டாததால் வந்ததா என்று ஒரு மாதம் ஓடியது. நானா வருவதில்லை. என் கடையைத் தாண்டிப் போகும்போது ரோட்டின் அந்தப் பக்கமாகப் போவார். அக்கா ஒரே வீட்டில் இருந்தும் என்னோடு பேசுவதில்லை. சோற்றைப் போட்டு மூடிவைத்துவிட்டுப் படுத்துவிடுகிறாள்.

அவன் பெண்சாதி சந்திக்கு மேலே தகரக் கொட்டிலில் இருக்கிறாள். தினமும் பஸ்ஸுக்கு என் கடை வாசலில்தான் வந்து நிற்பாள். முதல் நாள் அவளைப் பார்த்ததும் அடிப்பாள், காறித் துப்புவாள் என்று நினைத்தேன். மண்ணை வாரித் தூற்றினால் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன். அவள் ஒன்றும் செய்யவில்லை. பஸ்ஸுக்கு நின்ற சனமெல்லாம் கேட்க, மரியாதையாக, குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"அண்ணே, இன்னைக்கு மழை வருமாண்ணே?"

இன்றைக்குக் காலையிலும் கேட்டாள். நான் மெசின் மூடியைத் திறந்து, வெறும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.