அமெரிக்க நாவலும் ஆம்பூர் மேரியும்

இதைப் படித்துவிட்டு என்னைத் திட்டினால் திட்டுங்கள்.

வெள்ளைக்காரன் காலத்தில், வேலூரில் நர்சுப் பயிற்சிப் பெண்களுக்கு நான் இங்கிலீஷ் வாத்தியார். பழைய அமெரிக்க நாவலொன்றை வாசித்து விளக்கிக்கொண்டிருந்தேன். புருஷனை விட்டு ஓடிய கதாநாயகி கடைசியில் ஆற்றில் விழுந்து சாகிறாள். “ஓடுகாலிக்கு வேறென்ன முடிவு வரும்?” என்று நானாகச் சேர்த்துச் சொன்னேன்.

ஆம்பூர் மேரி எழுந்தாள். “அடி தாங்காம புருஷன உட்டுட்டு வந்தவ சார் நானு. சாகல, படிக்கிறேன். இத எழுதுனது ஆம்பளதானே?”

வகுப்பே சிரித்தது. அட்டையைப் பார்த்தேன். ஆண்தான்.

அந்த ஆத்திரத்தில் பரீட்சையில் அவளை வேண்டுமென்றே ஃபெயிலாக்கினேன். பயிற்சியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அடித்த புருஷனிடமே திரும்பிப் போனாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அந்த நாவலாசிரியனாவது காகிதத்தில் கொன்றான்.