பிரிக்பீல்ட்ஸ் கூரையில் ஒரு டிஸ்கோன்

சண்முகரத்தினத்துக்கு எதையும் சட்டென்று தேர்ந்தெடுக்க வராது. சட்டைத் துணி எடுக்கப் போனால்கூட நாலு கடை ஏறி இறங்கிவிட்டு முதல் கடைக்கே திரும்பி வருவார். அப்படிப்பட்டவர் 1987-இல் ஓர் ஏரியல் வாங்க ஐந்து மாதம் யோசித்தார் என்றால் அதில் ஆச்சரியம் இல்லை. ஐந்து மாதம் யோசித்தும் தப்பாகத்தான் வாங்கினார், அதைத்தான் சொல்ல வந்தேன்.

தொலைபேசி இலாகாவில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக் குடும்பத்து மனிதர். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் மனைவி பூரணத்தோடும் ஒரே மகளோடும் வாடகைக்கு இருந்தார். அவருக்கு ஒரே ஒரு பைத்தியம், அமெச்சூர் வானொலி. அரசாங்கத்திடம் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு, வீட்டில் ஒரு செட்டை வைத்து, ஆகாய மார்க்கமாக இன்னொரு லைசென்ஸ்காரரோடு பேசுகிற பொழுதுபோக்கு அது. ஆளுக்கொரு போன் சட்டைப் பையில் கிடக்கிற இந்தக் காலத்தில், அது எப்பேர்ப்பட்ட சுகம் என்று சொன்னால் யாருக்கும் புரியாது. சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

தினமும் சாயங்காலம் ஆறரை மணிக்கு அவரோடு பேசுகிறவர் ரெங்கசாமி. ஏறக்குறைய முப்பது மைல் தள்ளி ஜெஞ்சாரோமில் செம்பனைக் காட்டு ஓரமாக லோரி பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தார். ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருந்தபோது படித்த வித்தை அவருடையது. பெற்றவர்கள் எஸ்டேட்டில் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தவர்கள். அந்த நாளில் குமாஸ்தாவான கிராணி வீட்டுத் தமிழரும் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டுத் தமிழரும் ஒரே கோயிலில் கும்பிடுவார்கள், ஒரே பந்தியில் உட்காருவது அபூர்வம். ஆகாயத்தில் மட்டும் அந்த வம்பு கிடையாது. ஆறு வருடமாக இரண்டு பேரும் பேசாத நாள் இல்லை. நேரில் பார்த்துக்கொண்டது ஒரே ஒரு தடவை, பெட்டாலிங் ஜெயாவில் நடந்த வானொலிக்காரர்கள் கூட்டத்தில்.

பேச்சு என்றால் பெரும்பாலும் ரெங்கசாமியின் பேச்சுதான். எந்த லோரியில் கியர் உடைந்தது, எந்த முதலாளி முறைத்தார், மனைவி மாரியாயி என்ன குழம்பு வைத்தாள் என்று ஒன்று விடாமல் சொல்வார். சண்முகரத்தினம் இடையிடையே "ஓம்", "சரி" என்பார். கேட்டுக்கொண்டிருப்பதிலேயே அவருக்கு முகம் மலர்ந்துவிடும். பகலெல்லாம் உம்மென்று இருக்கிற மனிதருக்கு அந்த அரை மணி நேரம்தான் நாள்.

கூரையில் ஒரே ஒரு கம்பம் நடத்தான் வீட்டுக்காரச் சீனர் அனுமதித்திருந்தார். அதில் இருந்தது பீம் என்கிற ஏரியல். டெலிவிஷன் ஏரியல் மாதிரி மீன்முள் வடிவம். எந்தப் பக்கம் திருப்பி வைக்கிறோமோ அந்தப் பக்கத்துக்கு மட்டும் நன்றாகப் பேசும், நன்றாகக் கேட்கும். சண்முகரத்தினம் அதை ஜெஞ்சாரோம் பக்கம் திருப்பி இறுக்கியதோடு சரி, பிறகு தொடவே இல்லை.

அந்த வருடத் தொடக்கத்தில் அவர் ஒரு ஸ்கேனர் வாங்கினார். அலைவரிசைகளை வரிசையாகத் துழாவி, யார் பேசினாலும் பிடித்துக் கேட்கவைக்கும் பெட்டி. சுபாங்கில் இறங்குகிற விமானங்களையும் கிள்ளான் துறைமுகத்துக் கப்பல்களையும் கேட்க வேண்டும் என்று ஆசை. போலீஸ் பேசினால் உடனே திருப்பிவிடுவதாகச் சத்தியம் செய்வார், நாமும் நம்பிவைப்போம். ஆனால் ஒரே திசையைப் பார்க்கும் பீமுக்குக் கப்பலும் தெரியாது, விமானமும் தெரியாது. அப்போதுதான் ஒரு சிங்கப்பூர் விலைப்பட்டியலில் டிஸ்கோனைப் பார்த்தார். மேலே தட்டையாக எட்டுக் கம்பி, கீழே கூம்பாக எட்டுக் கம்பி. திருப்பவே வேண்டாம், எல்லாத் திசையிலும் கேட்கும். விமானம், கப்பல், டாக்சி என்று எல்லா அலைவரிசையும் அதற்கு ஒன்றுதான். அமெச்சூர் செட்டை மாட்டிப் பேசவும் செய்யலாம். எல்லாப் பக்கமும் கேட்கிறது எந்தப் பக்கமும் விசேஷமாகக் கேட்காது என்பதை மட்டும் பட்டியலில் போடவில்லை. போடமாட்டார்கள்.

அவருக்குத் தெரியாமலும் இல்லை. ஐந்து மாத யோசனையும் அதைப் பற்றித்தான். கம்பம் ஒன்று. டிஸ்கோன் ஏறினால் பீம் இறங்க வேண்டும். பீம் இறங்கினால் தன் பத்து வாட் செட்டின் குரல் ஜெஞ்சாரோம் வரை போகுமா? ரெங்கசாமியிடமே கேட்டார். லோரி பேட்டரியில் பெரிய செட்டை ஓட்டுகிற ரெங்கசாமி, போடுங்கண்ணே பார்த்துக்கலாம் என்றார். கப்பல் வேலையில் இருந்த ஜெயராஜ் என்ற தெரிந்தவர் மூலம் ஆனி மாதக் கடைசியில் டிஸ்கோன் வந்து இறங்கியது.

அது ஏறிய அன்று தெருவே அண்ணாந்து பார்த்தது. துணி கிழிந்துபோன குடையை யார் கூரையில் நட்டது என்று கேட்டாள் பூரணம். சண்முகரத்தினம் எதையும் காதில் வாங்கவில்லை. ஆறரை மணிக்குச் செட்டின் முன்னால் உட்கார்ந்து, புது ஏரியலில் எப்படிக் கேட்கிறது என்று கேட்டார். ரெங்கசாமியின் குரல் இரைச்சலோடுதான் வந்தது, ஆனாலும் வந்தது.

"ஃபைவ் நைன் அண்ணே. அருமையா இருக்கு."

ஐந்து என்றால் முழுத் தெளிவு, ஒன்பது என்றால் முழுப் பலம். இதற்குமேல் கொடுக்க மதிப்பெண் கிடையாது. சண்முகரத்தினத்துக்கு வாயெல்லாம் பல். அதற்குப் பிறகு தினமும் கேட்பார், தினமும் ஃபைவ் நைன் வரும். வானொலிக்காரர்கள் மரியாதைக்கு அள்ளி வீசுகிற மதிப்பெண் அது என்பது அவருக்கும் தெரிந்ததுதான். ஆனால் நம் தோசையை ஒருவர் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்?

ஆவணியில் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அழைப்பிதழும் குங்குமச் சிமிழுமாகச் சண்முகரத்தினமும் பூரணமும் செந்தூல், கிள்ளான் என்று வீடு வீடாக ஏறினார்கள். இருபது வருடமாகப் பேசாத சொந்தக்காரரைக்கூட விடவில்லை. ஜெஞ்சாரோம் மட்டும் விட்டுப்போயிற்று. தூரம், வெயில், கார் சரியில்லை என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உண்மை என்னவென்றால், அந்தப் பட்டறை வாசலில் அழைப்பிதழோடு நின்றதாகத் தெரிந்தால் பூரணத்தின் அண்ணன்மார் என்ன சொல்வார்கள் என்ற பயம். நல்ல மனிதர்தான், கோழை.

அதனால் ரேடியோவில் கூப்பிட்டார். அவர் வாழ்நாளில் அவ்வளவு நீளமாக ஆகாயத்தில் பேசியதில்லை. மகளுக்குக் கல்யாணம், இன்ன தேதி, இன்ன மண்டபம், மாரியாயியையும் அழைத்துக்கொண்டு கட்டாயம் வர வேண்டும், நேரில் வராததற்கு மன்னிக்க வேண்டும். சொல்லி முடித்துப் பொத்தானை விட்டார்.

"ஃபைவ் நைன் அண்ணே," என்றார் ரெங்கசாமி. "இங்க நல்ல மழை. ரெண்டு லோரி சேத்துல மாட்டிக்கிச்சு, இழுத்து முடிக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு."

கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வாழ்த்துகூட இல்லை. சண்முகரத்தினத்துக்குச் சுருக்கென்றது. நேரில் போய்க் கூப்பிடாத கோபம் போலிருக்கிறது என்று நினைத்தார். கோபப்பட நியாயம் இருக்கிறது என்றும் நினைத்தார். கல்யாணத்தன்று மண்டப வாசலை எத்தனை தடவை எட்டிப் பார்த்தார் என்று பூரணம் பின்னால் கணக்குச் சொன்னாள். ரெங்கசாமி வரவில்லை. மறுநாளிலிருந்து சண்முகரத்தினம் செட்டைப் போடவே இல்லை. ஆறரை மணிக்கு எழுந்து கடைத்தெருப் பக்கம் நடக்கப் போய்விடுவார். அந்த மூன்று வாரத்தில் அவர் மெலிந்துபோனார்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலில் ஒரு லோரி வந்து நின்றது. வேட்டி சட்டையோடு ரெங்கசாமி படியேறி வந்து, மூச்சு வாங்கக் கதவருகே நின்றார். சண்முகரத்தினத்தைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நல்லா இருக்கீங்களாண்ணே? இருபது நாளா உங்கள காணோம். என்னமோ ஏதோன்னு ஓடி வந்தேன். அட்ரஸ் தெரியாது. தெருத் தெருவா மேலயே பாத்துக்கிட்டு வந்து, அந்த ஏரியல வச்சுத்தான் கண்டுபிடிச்சேன்."

சண்முகரத்தினம் நாற்காலியை இழுத்துப் போட்டார். பூரணம் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"கலியாணத்துக்குக் கூப்பிட்டும் வராத ஆள், இப்ப என்னத்துக்காம் வந்திருக்கிறார்?"

"யாருக்குக் கல்யாணம்க்கா?" என்றார் ரெங்கசாமி.

பிறகு உண்மை மெல்ல மெல்ல வெளியே வந்தது. டிஸ்கோன் ஏறிய நாளிலிருந்து சண்முகரத்தினம் பேசியதில் ஒரு சொல்கூட ஜெஞ்சாரோமில் கேட்கவில்லை. ரெங்கசாமியின் பெரிய செட் இங்கே கேட்டது, இவருடைய பத்து வாட் அங்கே போய்ச் சேரவில்லை.

"அப்ப ஏன் தம்பி தினமும் ஃபைவ் நைன் தந்தீர்?"

ரெங்கசாமி தரையைப் பார்த்தார். "அஞ்சு மாசமா அதையேதான் பேசிக்கிட்டு இருந்தீங்க. அவ்ளோ ஆசையா வாங்கி மாட்டியிருக்கீங்க. கேக்கலன்னு சொல்ல மனசு வரலண்ணே. நீங்க பேசுறப்போ இரைச்சல் கொஞ்சம் அடங்கும். சரி, அண்ணன் வந்துட்டாருன்னு தெரியும். மறுபடி இரைச்சல் ஏறினா முடிச்சிட்டீங்கன்னு தெரியும். எனக்கு அது போதுமா இருந்துச்சு."

இரண்டு மாதம், வெறும் இரைச்சலோடு அந்த மனிதர் தன் நாளையெல்லாம் சொல்லியிருக்கிறார். இப்போதும் ரெங்கசாமி, ஏன் என்னை நேரில் வந்து கூப்பிடவில்லை என்று கேட்கவில்லை. மாப்பிள்ளை எந்த ஊர், என்ன வேலை, பொண்ணு சந்தோஷமா இருக்கா என்றுதான் கேட்டார். அதுதான் சண்முகரத்தினத்தைக் கொன்றது.

காப்பி குடித்துவிட்டு இருவரும் கூரைக்கு ஏறினார்கள். டிஸ்கோனைக் கழற்றித் தூக்கிப் போடப் போனவரின் கையை ரெங்கசாமி பிடித்துக்கொண்டார். விமானம் மேலேதானே பறக்கிறது, அதற்கு எதற்குக் கம்பத்து உச்சி என்று கேட்டார். பின்கட்டுச் சன்னல் கம்பியில் கட்டினாலும் கேட்கும் என்றார். ஐந்து மாதம் பட்டியலைக் கரைத்துக் குடித்தவருக்குத் தோன்றாத யோசனை. அரை மணியில் டிஸ்கோன் சன்னலுக்குப் போனது, பீம் கம்பத்துக்கு ஏறி ஜெஞ்சாரோம் பக்கம் திரும்பியது.

ரெங்கசாமி புறப்பட்டபோது, பூரணம் அலமாரியைத் திறந்து எதையோ எடுத்துக்கொண்டு வந்தாள். எப்படித்தான் தெரிந்ததோ, கணவர் கேட்கவே இல்லை. மீந்துபோன அழைப்பிதழ் ஒன்று. சண்முகரத்தினம் பேனாவை எடுத்து மேலே ரெங்கசாமி, மாரியாயி என்று இரண்டு பெயர்களையும் எழுதினார். பிறகு பூரணமும் அவரும் லோரியின் முன் இருக்கையில் ஏறிக்கொண்டார்கள்.

பட்டறை வாசலில் மாரியாயி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பூரணம் குங்குமச் சிமிழை நீட்டினாள். சண்முகரத்தினம் இரண்டு கையாலும் அழைப்பிதழைக் கொடுத்தார். மாரியாயி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"எப்பங்க கல்யாணம்?"

"முடிஞ்சுபோச்சு தங்கச்சி," என்றார் சண்முகரத்தினம். "நான்தான் பிந்தி வந்திட்டன்."