லாரி டியூப் மேல் ஒரு படிகம்

நல்லம்பள்ளியில் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். பாப்பாரப்பட்டி பச்சியப்பன் மகள் சோபனா, இங்கே கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவள். ஒரு நாள் கடைக்கு வந்து பழைய லாரி டியூப் நாலு கேட்டாள்.

“என்னாத்துக்கும்மா, கெணத்துல நீச்சலா?”

“கல்லு மேசைக்கு அடியில வெக்கணும்ண்ணா. பஸ் போனா என் கோடு ஆடுது.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. டியூபோடு நானே போய்ப் பார்த்தேன். லேசர் ஒளியை இரண்டாகப் பிரித்து மறுபடி ஒன்று சேர்க்கிறாள். சேருமிடத்தில் தாளில் சிவப்பும் கறுப்புமாகக் கோடுகள் விழுகின்றன. ஒரு பாதி ஒளி, அவளே வளர்த்த படிகத்தில் ஒட்டிய கண்ணாடியில் பட்டுத் திரும்புகிறது. படிகத்துக்குக் கரண்டு கொடுத்தால் அது துளியளவு நீளுமாம். நீண்டால் கோடு நகரும். அந்த நகர்வு கண்ணுக்குத் தெரியாது, கோடு விழுமிடத்தில் வைத்த ஒளி மீட்டர்தான் சொல்லும். ஆனால் ரோட்டில் பஸ் போனாலே கோடு பேயாட்டம் ஆடியது.

அவளுடைய பேராசிரியர் கதிரவன் கறாராகச் சொல்லிவிட்டார்: “மீட்டர் காட்டறது படிகமா, பஸ்ஸா? வெள்ளிக்கிழமை வந்து பாப்பேன். தெளிவா இல்லன்னா அந்தப் படிகத்தையே ஆய்வேட்டுலருந்து எடுத்துரு.” அவளுக்கு அது பல வருட உழைப்பு.

லோடு வண்டிக்கு அடிப்பதுபோல் விறைப்பாகக் காற்றடித்தேன். ஆள் சேர்த்துக் கருங்கல் பலகையை மேலே வைத்தோம். பஸ் போனது. கோடு முன்பு ஆடியபடியே ஆடியது.

“காத்த எறக்குங்கண்ணா.”

“கல்லு சாஞ்சுரும்மா. பாரத்துக்குக் காத்து வேணும்.”

“இது ஓடற வண்டி இல்லீங்க. தொளதொளன்னு இருந்தாதான் அதிர்வு மேல வராது.”

அவளே வால்வை அழுத்தினாள். கல் ஒரு பக்கம் சாய்ந்தது. எதிர் டியூபில் காற்றை விட்டாள், அந்தப் பக்கம் சாய்ந்தது. ரசமட்டத்தை வைத்துக்கொண்டு விடுவதும் அடிப்பதுமாகவே பொழுது போனது. படித்த பிள்ளை என்று நானும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கல் மட்டத்துக்கு வந்ததும், கண்ணாடிகளைத் திருகித் திருகிக் கோடுகளைத் திரும்பக் கொண்டுவந்தாள்.

வெள்ளிக்கிழமை நானும் போயிருந்தேன். கதிரவன் சார் வந்தார்.

“சார், நடக்காதீங்க. ஸ்டூல்ல உக்காருங்க. கோடு ஆடும்.”

“பஸ்ஸ வுட நான் கனமா?”

“பஸ் உள்ள வராதுங்க சார்.”

உட்கார்ந்தார். கரண்டு கொடுத்தாள், மீட்டர் முள் ஏறி நின்றது. நிறுத்தினாள், இறங்கியது. இரண்டு மடங்கு கொடுத்தாள். முள்ளும் இரண்டு மடங்கு ஏறியது. அந்நேரம் சேலம் பஸ் உறுமிக்கொண்டு போனது. முள் இடம் மாறவில்லை.

“செரி, படிகம் இருக்கட்டும்,” என்று எழுந்தார் சார்.

“உக்காருங்க சார். படிகத்துக்குப் பதிலா வெறும் கண்ணாடித் துண்ட மாட்டி ஒருவாட்டி பாத்துரலாம். அதுக்கு முள்ளு ஏறக் கூடாது. ஏறினா, முன்ன ஏத்துனது படிகம் இல்லன்னு ஆயிரும்.”

அவள் கழற்றி மாட்டி முடிக்கிற வரைக்கும் சார் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அதே கரண்டைக் கொடுத்தாள்.

முள் ஏறவில்லை.